பக்கவாத ஆய்வில் பயிற்சி கொடுப்பவரே அளக்கவும் செய்யலாமா?

வைகைக்கரை_பிசியோ கேட்டது:

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். எங்கள் நியூராலஜி டாக்டர் ஓர் ஆய்வு தொடங்குகிறார். பக்கவாதம் வந்து டிஸ்சார்ஜ் ஆகிறவர்களை இரண்டு குழுவாகப் பிரிக்கிறோம். ஒரு குழுவுக்கு 12 வாரம் வீட்டுப் பயிற்சி, வாரம் ஒரு போன். இன்னொரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. மொத்தம் 120 பேர். தொடக்கத்திலும் 12-ஆம் வாரத்திலும் ஆறு நிமிட நடைச் சோதனை, பார்தெல் இண்டெக்ஸ் (சாப்பிடுவது, குளிப்பது போன்ற அன்றாட வேலைகளுக்கான மதிப்பெண்), வெறும் வயிற்றில் ரத்தம் (லிப்பிட் என்ற கொழுப்பு அளவு, அழற்சியைக் காட்டும் சிஆர்பி, மிச்ச சீரம், அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் நீர், ஃப்ரீசருக்கு).

டிபார்ட்மென்ட்டில் நாங்கள் இரண்டே பிசியோ. பயிற்சி சொல்லிக் கொடுப்பது, போன் செய்வது, 12-ஆம் வாரம் அளப்பது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது எல்லாம் என் தலையில்தான். "நோயாளி உங்களுக்குத்தான் நல்லாப் பழக்கம், நீங்களே பாத்துக்கோங்க" என்கிறார்கள். இது முறையா? என்னென்ன காகிதம் கையில் இருக்க வேண்டும்? லேப் டெக்னீஷியனும் இதே கேள்வியோடு இருக்கிறார், அவர் பங்குக்கும் யாராவது சொல்லுங்கள்.

---

கோஆர்டினேட்டர்_மேசை:

முறையில்லை. பயிற்சி கொடுத்தவர் அளக்கவே கூடாது. காரணத்தை உங்கள் டாக்டரிடம் இப்படிச் சொல்லுங்கள்: மாத்திரை ஆய்வில் பெரும்பாலும் யார் எந்தக் குழு என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. உடற்பயிற்சி ஆய்வில் இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும், மறைக்க வழியே இல்லை. மிச்சம் இருக்கும் ஒரே திரை, அளக்கிறவருக்கு எந்தக் குழு என்று தெரியாமல் இருப்பதுதான். அதையும் கிழித்துவிட்டால் கட்டுரையை வாசிக்கிற ரெஃப்ரி முதல் பக்கத்திலேயே பேனாவை மூடி வைத்துவிடுவார். 12 வாரம் போனில் பேசிப் பழகிய நோயாளி, "இன்னும் ரெண்டு அடி எடுத்து வைங்க அய்யா" என்று நீங்கள் சொன்னால் எடுத்து வைப்பார். வழக்கமான சிகிச்சைக் குழுவில் இருப்பவருக்கு உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல் வராது. வேண்டுமென்றே செய்வதில்லை, கை தானாகச் செய்யும்.

இரண்டு பேர் இருப்பதால் நீங்கள் பயிற்சி, அவர் அளவு என்று பிரிக்கலாம்தான். ஆனால் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே கேஸ் ஷீட்டைப் புரட்டுகிறவர்களிடம் ரகசியம் எத்தனை நாள் தங்கும்? ஆர்த்தோ வார்டிலிருந்தோ பக்கத்துப் பிசியோ கல்லூரியிலிருந்தோ ஒருவரை அந்தந்த நாளுக்கு மட்டும் கூப்பிடுவது நல்லது. அளக்கும் இடம் பயிற்சி ஹாலாக இருக்கக் கூடாது. பயிற்சி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள், வரவேற்பிலேயே வாங்கி வையுங்கள். அளக்கப் போகும் முன் இன்னொருவர், "உள்ளே இருப்பவரிடம் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று பேச வேண்டாம்" என்று சொல்லி அனுப்பட்டும். அப்படியும் உளறுவார்கள். அதனால் படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் வையுங்கள்: இவர் எந்தக் குழு என்று நினைக்கிறீர்கள், எதனால் அப்படி நினைக்கிறீர்கள்? உடைந்தால் உடைந்தது என்று எழுதுங்கள். மறைப்பதுதான் தப்பு.

காகிதம்: ஜிசிபி (நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை) பயிற்சிச் சான்றிதழ், தேதியும் கையெழுத்தும் உள்ள ஒரு பக்க பயோடேட்டா, பதிவுச் சான்றின் நகல், இந்த ப்ரோட்டோகாலில் (ஆய்வை எப்படி நடத்துவது என்ற எழுத்துத் திட்டம்) பயிற்சி பெற்றதற்கான டிரெய்னிங் லாக், எல்லாவற்றுக்கும் மேலாக டெலிகேஷன் லாக், அதாவது யாருக்கு எந்த வேலை என்ற பதிவேடு. அதில் உங்கள் பெயர், கையெழுத்து மாதிரி, செய்ய அனுமதிக்கப்பட்ட வேலைகளின் எண், தொடங்கிய தேதி, முதன்மை ஆய்வாளரின் கையெழுத்து இருக்கும். முதல் நோயாளியைத் தொடும் முன் அந்த வரி நிரம்பியிருக்க வேண்டும். பெரும்பாலான சைட்டுகளில் மாட்டிக்கொள்வது இங்கேதான்: 3-ஆம் தேதி அளந்திருப்பார், லாக்கில் 10-ஆம் தேதிதான் பெயர் ஏறியிருக்கும். அப்போது பழைய தேதி போட்டுச் சமாளிக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி ஒரு குறிப்பாக எழுதி, விலகல் என்று பதிவு செய்தால் அது ஒரு சின்னக் குறை. முன்தேதி போட்டால் அது மோசடி.

தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள், பழைய எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், இனிஷியல், தேதி. வெள்ளை மை வேண்டாம், பென்சில் வேண்டாம். துண்டுச் சீட்டில் குறித்துச் சாயங்காலம் படிவத்துக்கு மாற்றினால் அந்தத் துண்டுச் சீட்டுதான் மூல ஆவணம், அதையும் கோப்பில் வைக்க வேண்டும்.

சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண் வந்துவிட்டதா என்று கேட்டுவிடுங்கள். 2018 ஏப்ரல் 1-லிருந்து முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். பின்னால் போய்ப் பதிவு செய்ய முடியாது.

---

நடை_ஆய்வாளர்:

கோஆர்டினேட்டர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். அளவு பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக.

ஆறு நிமிட நடை பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். அதனால்தான் கெட்டுப்போகும். அமெரிக்க தொராசிக் சொசைட்டியின் 2002 வழிகாட்டி கேட்பது 30 மீட்டர் நேரான, தட்டையான, ஆள் நடமாட்டம் இல்லாத காரிடார். இரண்டு முனையிலும் கூம்பு, 3 மீட்டருக்கு ஒரு குறி. நடக்கும் முன் தொடக்க இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் குறைந்தது 10 நிமிடம் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு. கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்போ நிலையற்ற ஆஞ்சைனாவோ (இதய ரத்தக் குறைவால் வரும் நெஞ்சுவலி) இருந்தால் நடக்க வைக்கவே கூடாது. ஓய்வு நாடி 120-க்கு மேல், அழுத்தம் 180/100-க்கு மேல் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

நடக்கும்போது நீங்கள் பேசும் வார்த்தை கூட ப்ரோட்டோகால்தான். உற்சாகப்படுத்தினாலே தூரம் கூடும் என்பது எப்போதோ தெரிந்த விஷயம். வழிகாட்டியில் நிமிடத்துக்கு ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தமிழில் ஒரே மாதிரி எழுதி அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். 1-ஆம் நிமிட முடிவில் "நல்லா நடக்கறீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு". 2-இல் "இப்படியே நடங்க, இன்னும் நாலு நிமிஷம்". 3-இல் "நல்லா நடக்கறீங்க, பாதி முடிஞ்சிருச்சு". 4-இல் "இப்படியே நடங்க, இன்னும் ரெண்டு நிமிஷம்தான்". 5-இல் "நல்லா நடக்கறீங்க, இன்னும் ஒரு நிமிஷம்தான்". எல்லாம் ஒரே குரலில். கடைசி 15 விநாடி இருக்கும்போது "இப்ப நிறுத்தச் சொல்வேன், சொன்ன இடத்துலயே நின்னுடுங்க". அவ்வளவுதான். "சபாஷ்", "சீக்கிரம் சீக்கிரம்" எதுவும் கிடையாது. சொந்தக்காரர் காரிடார் ஓரத்தில் நின்று கை தட்டினால் அவரை வெளியே அனுப்புங்கள்.

நோயாளி நின்று இளைப்பாறினால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் சேர்ந்து நடக்காதீர்கள், உங்கள் வேகத்துக்கு அவர் வந்துவிடுவார். ஆனால் பக்கவாதத்தில் விழும் பயம் உண்டு. அதனால் பலவீனமான பக்கம், அரை அடி பின்னால், அவர் கண்ணில் படாமல் போங்கள். முதல் தடவையை விட இரண்டாவது தடவை எல்லோரும் கொஞ்சம் கூட நடப்பார்கள், வழி பழகிவிடுவதால். 2014-இல் ஐரோப்பிய, அமெரிக்கச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட தரநிலை இரண்டு நடை, இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு, அதில் கூடுதலான தூரத்தை எடு என்கிறது. அது நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்காக எழுதியது. உங்கள் நோயாளிகள் களைத்துவிடுவார்கள் என்றால் ஒரு நடையே போதும் என்று முடிவு செய்யலாம். ஆனால் அந்த முடிவு ப்ரோட்டோகாலில் இருக்க வேண்டும், அன்றன்றைக்கு மனசு போல மாறக் கூடாது.

படிவத்தில் மூன்று விவரம் கட்டாயம் இருக்கட்டும், பொதுவாக விட்டுப்போவது இவைதான். காலில் என்ன (ரப்பர் செருப்பா, ஷூவா, வெறுங்காலா). கையில் என்ன (ஊன்றுகோல், வாக்கர், ஒன்றுமில்லை). கணுக்கால் ஸ்ப்ளின்ட் போட்டிருந்தாரா. முதல் தடவை செருப்போடு தேய்த்துத் தேய்த்து நடந்தவர் 12-ஆம் வாரம் மகன் வாங்கிக் கொடுத்த ஷூவோடு வந்தால், கூடிய தூரத்தில் எவ்வளவு பயிற்சி, எவ்வளவு ஷூ?

பார்தெல் இண்டெக்ஸில் வேறு பள்ளம். அது கேட்பது "செய்ய முடியுமா" என்றில்லை, "செய்கிறாரா" என்று. நம் வீடுகளில் ஊட்டிவிடுவது மனைவி, குளிப்பாட்டுவது மகள். "அவரால முடியும், நாங்கதான் விடறதில்ல" என்பார்கள். வீட்டில் இன்னொருவர் செய்துவிடுகிறார் என்றால் அந்த வேலைக்கு அவர் சார்ந்திருப்பவர்தான், மதிப்பெண்ணும் அப்படித்தான். கழிப்பறை கேள்வியில் இந்திய வகையா மேற்கத்திய வகையா என்று குறியுங்கள். இரண்டு விசிட்டுக்கும் நடுவில் வீட்டில் மேற்கத்திய டாய்லெட் கட்டியிருந்தால் மதிப்பெண் தானாக ஏறும். 20-க்கா 100-க்கா எந்தப் பதிப்பு என்பதையும் முதலிலேயே தீர்மானியுங்கள்.

வழக்கமான சிகிச்சை என்ற குழுவையும் எழுதி வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்ட் ஒரு பிசியோதெரபிஸ்ட். அவர் தலைமையில் 5 நாடுகளில் 56 ஸ்ட்ரோக் யூனிட்டுகளில் 2104 பேரை வைத்து நடந்த அவெர்ட் ஆய்வு 2015-இல் வந்தது. பக்கவாதம் வந்து 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடமாட வைத்தால் நல்லதா என்பதுதான் கேள்வி. எல்லோரும் நல்லது என்றுதான் நம்பினார்கள். மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் அந்தக் குழுவில் 46%, வழக்கமான சிகிச்சையில் 50%. நம்பிக்கை தலைகீழானது. அதோடு ஆய்வு நடந்த ஆண்டுகளில் வழக்கமான சிகிச்சைக் குழுவையும் வருஷத்துக்கு வருஷம் சீக்கிரமாக எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் ஊரிலும் இதுவே நடக்கும். இந்தக் குழு நோயாளிகளைப் பார்த்துப் பாவப்பட்டு, "இதையும் வீட்ல செய்யுங்க" என்று நீங்களே ஒரு பயிற்சியைச் சொல்லிவிடுவீர்கள். அதனால் இரண்டு குழுவுக்கும் யார், எத்தனை நிமிடம், என்ன பயிற்சி, எத்தனை தடவை என்று ஒரே படிவம் வையுங்கள்.

நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில் 1250 பேரை வைத்து அட்டெண்ட் ஆய்வு நடந்தது, 2017-இல் வெளிவந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களை வைத்தே வீட்டில் மறுவாழ்வு. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் சேர்ந்து இரண்டு குழுவிலும் 47%. உங்கள் ஆய்வுக்கு மிக நெருங்கிய முன்னோடி இதுதான். உங்கள் டாக்டர் அதைப் படித்துவிட்டு, தன் ஆய்வில் எது வேறு என்று ப்ரோட்டோகாலில் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எதிக்ஸ் கமிட்டி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

---

சென்ட்ரிஃபியூஜ்:

லேப் பங்குக்கு நான்.

முதலில் விசிட்டின் வரிசை. ரத்தம் வெறும் வயிற்றில், நடை அதற்கப்புறம். ஆனால் ரத்தம் எடுத்த கையோடு நடக்க அனுப்பாதீர்கள். பக்கவாத நோயாளிகளில் சர்க்கரைக்காரர்கள் நிறைய. வெறும் வயிற்றோடு ஆறு நிமிடம் நடந்தால் காரிடாரில் சர்க்கரை இறங்கி உட்கார்ந்துவிடுவார். காலை மாத்திரையை வீட்டிலேயே போட்டுவிட்டு, சாப்பிடாமல் வந்திருந்தால் இன்னும் மோசம். ரத்தம், இட்லி, மாத்திரை, இரண்டு மணி நேரம் ஓய்வு, அப்புறம் நடை. நடையை முதலில் வைத்தாலும் தப்பு, நடந்த உடனே எடுத்த ரத்தத்தில் சில மதிப்புகள் நகரும்.

எடுக்கும் முன் 15 நிமிடம் உட்கார வையுங்கள். நின்றுகொண்டிருந்தவரின் ரத்தம் கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கும், கொலஸ்ட்ரால் கூடுதலாகக் காட்டும். முதல் விசிட்டில் படுக்கையில், 12-ஆம் வாரம் ஓபியில் வரிசையில் நின்றுவிட்டு வந்து என்றால் அந்த வித்தியாசமே உங்கள் முடிவு ஆகிவிடும். கையில் கட்டும் டூர்னிக்கே பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்காதீர்கள். பலவீனமான கையில் எடுக்க வேண்டாம்.

ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள குழாயும் எடுப்பதாக இருந்தால் சீரம் குழாய்தான் முந்தி. மாற்றினால் ஈடிடிஏ ஒட்டிக்கொண்டு பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். சீரம் குழாயை 30 நிமிடம் நேராக நிறுத்தி உறைய விடுங்கள். ரத்தம் இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் நேரம் ஆகும். உறையும் முன்பே சுழற்றினால் சீரத்தில் நார் நாராக ஃபைப்ரின் நிற்கும், மெஷின் ஊசி அடைக்கும்.

"3000 ஆர்பிஎம், 10 நிமிடம்" என்று ப்ரோட்டோகாலில் எழுதினால் அது அரைகுறை. சுற்று வேகம் ஒன்றாக இருந்தாலும் ரோட்டரின் ஆரம் மாறினால் விசை மாறும். கணக்கு இது: 0.00001118 × ஆரம் செ.மீ. × ஆர்பிஎம்-இன் வர்க்கம். ஆரம் 15 செ.மீ. என்றால் 3000 ஆர்பிஎம்-இல் சுமார் 1500 ஜி (புவியீர்ப்பைப் போல் 1500 மடங்கு). மேசை மேல் வைக்கும் சின்ன மெஷினில் ஆரம் 10 செ.மீ. என்றால் அதே 3000-இல் சுமார் 1000 ஜி-தான். அதில் 1500 வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 3660 ஆர்பிஎம் வைக்க வேண்டும். ஜி-யில் எழுதுங்கள், ஆரத்தை ஸ்கேல் வைத்து அளந்து மெஷின் மூடியில் ஒட்டுங்கள்.

சேமிப்பு சீரத்தை ஒரே குழாயில் ஊற்றாமல் 0.5 மி.லி. வீதம் நாலாகப் பிரியுங்கள். ஒரு சோதனைக்கு ஒரு குழாய், ஒரே தடவை உருக்குவது. உருக்கி உறையவைத்து உருக்கினால் பல புரதங்கள் போய்விடும். வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி தானாகப் பனி உருகும் மைனஸ் 20 ஃப்ரீசர் வேண்டாம், அது தினமும் சூடாகிக் குளிரும். மைனஸ் 80 இருந்தால் அதில் வையுங்கள், காலை மாலை வெப்பநிலை எழுதுங்கள், மின்தடைக்கு ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று ஒரு தடவை ப்ளக்கைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். சாதாரண ஸ்டிக்கர் குளிரில் உதிரும். ஃப்ரீசரில் ஸ்டிக்கர் உதிர்ந்த நாற்பது குழாய்கள் கிடந்தால் அவற்றுக்குரியவர்கள் ரத்தமே கொடுக்காத மாதிரிதான். குழாயில் நோயாளி பெயர் எழுதாதீர்கள், ஆய்வு எண்ணும் விசிட் எண்ணும் தேதியும் மட்டும்.

இன்னொன்று. பக்கவாதம் வந்த நாட்களில் சிஆர்பி தானாகவே ஏறியிருக்கும், 12 வாரத்தில் தானாகவே இறங்கும். பயிற்சியால் இறங்கியது என்று எழுதிவிடாதீர்கள்.

---

இரண்டாம்_திட்டவிலக்கம்:

கடைசி வரியை ஃப்ரேம் போட்டு மாட்டலாம். நடையும் அப்படித்தான், முதல் மூன்று மாதத்தில் இரண்டு குழுவுமே முன்னேறும். முன்பு-பின்பு ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை, குழுவுக்குக் குழு வித்தியாசம் மட்டும்தான் கணக்கு.

பிசியோவின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்கு. நடைத் தூரத்தின் திட்டவிலக்கம் (ஆளுக்கு ஆள் எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பது) 100 மீட்டர், கண்டுபிடிக்க நினைக்கும் வித்தியாசம் 50 மீட்டர், 5% பிழை வாய்ப்பு, 80% திறன் (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அது கண்ணில் படும் வாய்ப்பு). இந்த 5%, 80% இரண்டும் சேர்ந்து தரும் எண் 7.84. ஒரு குழுவுக்கு 2 × 7.84 × 10000 ÷ 2500, அதாவது 63 பேர். இப்போது ஒருவர் கை தட்டுகிறார், ஒருவர் தட்டவில்லை, ஒரு நாள் செருப்பு, ஒரு நாள் ஷூ. திட்டவிலக்கம் 120 ஆகிறது. அதே கணக்கில் குழுவுக்கு 91 பேர். அசிரத்தையாக அளந்ததற்கு அபராதம் குழுவுக்கு 28 நோயாளிகள். இந்த 28 பேரை யார் தேடுவது?

உங்கள் 120 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மேலே உள்ள எண்களுக்கு, இடையில் 20% பேர் நின்றுவிடுவார்கள் என்று வைத்தால், குழுவுக்கு 79, மொத்தம் 158 வேண்டும்.

ரேண்டமைசேஷன் கவர்களும் (அடுத்தவர் எந்தக் குழு என்று குலுக்கல் முறையில் எழுதி மூடியவை) உங்கள் மேசையில் இருக்கக் கூடாது. சேர்க்கிறவர் கையில் கவர் இருந்தால், "இவர் நல்லா ஒத்துழைப்பார், பயிற்சிக் குழு வந்தா நல்லது" என்று அடுத்த கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் ஆசை வரும். வெளிச்சம் ஊடுருவாத, வரிசை எண் போட்ட கவர், வேறு ஒருவர் பூட்டில். இன்னும் நல்லது, வேறு அறையில் இருப்பவருக்குப் போன் போட்டுக் கேட்பது.

12-ஆம் வாரத்துக்கு முன்பின் 7 நாள் என்று ஜன்னல் வையுங்கள். தீபாவளி, பொங்கல், அறுவடை வாரங்களில் ஆள் வரமாட்டார்கள், முன்கூட்டியே காலண்டரில் குறியுங்கள். பஸ் கட்டணம் கொடுக்க பட்ஜெட்டில் இடம் இருக்கட்டும், எதிக்ஸ் கமிட்டி அனுமதித்த தொகைதான். வராதவருக்குப் போனில் கேட்டுத் தூரத்தை ஊகித்து எழுதுவது மட்டும் வேண்டாம். காலியிடம் காலியாகவே இருக்கட்டும், காரணத்தை எழுதுங்கள். காலியிடத்தோடு புள்ளியியல்காரர்கள் நாங்கள் ஏதாவது செய்துகொள்வோம், கற்பனை எண்ணோடு ஒன்றும் செய்ய முடியாது.

---

வைகைக்கரை_பிசியோ:

எல்லோருக்கும் நன்றி. 120 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், "போன வருஷம் அட்மிஷன் கணக்கு" என்றார்கள். அதைத் திருத்த உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னும் மூன்று சந்தேகம். ஒப்புதல் படிவம் நான் வாங்கலாமா என்பதற்கு யாரும் சொல்லவில்லை. வாரப் போனில் "நேத்து பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று நோயாளி சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும்? கட்டுரையில் எங்கள் பெயர் வருமா, நன்றியுரையோடு சரியா? பார்மசி நண்பர் ஒருவரும் இதைப் படிக்கிறார், எங்கள் மருத்துவமனைக்கு ஒரு மருந்து ட்ரையலும் வருகிறது.

---

கோஆர்டினேட்டர்_மேசை:

ஒப்புதல்: டெலிகேஷன் லாக்கில் அந்த வேலை உங்கள் பெயரில் இருந்து, எதிக்ஸ் கமிட்டியும் ஏற்றிருந்தால் விளக்கிச் சொல்லலாம். பயிற்சி பற்றிய பகுதியை உங்களை விட நன்றாக யாரும் சொல்ல முடியாது. மருத்துவக் கேள்வி வந்தால் டாக்டர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் என் சாய்வு, நீங்கள் வாங்காமல் இருப்பதுதான். உங்கள் கையைப் பிடித்து நடக்கப் பழகுகிறவர், "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று படிக்காமல் போட்டுவிடுவார். அது சம்மதம் இல்லை, நன்றிக்கடன்.

யார் வாங்கினாலும், எதிக்ஸ் கமிட்டி அனுமதித்த தமிழ்ப் படிவத்தின் அதே பதிப்பு எண், அதே தேதி. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு உரையாடலும் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கைநாட்டு நோயாளியுடையது, கையெழுத்தும் தேதியும் சாட்சியுடையது. வார்டு அட்டெண்டரைக் கடைசி நிமிடத்தில் கூப்பிட்டுச் சாட்சி போட வைப்பது செல்லாது. ஒரு நகல் நோயாளி கையில் போக வேண்டும்.

பக்கவாதத்தில் தனிச் சிக்கல் பேச்சிழப்பு. பேச வராதவர்களில் பலருக்குப் புரியும். பேச்சு மொழி சிகிச்சையாளரை வைத்து, சின்ன வாக்கியம், படம், ஆம்-இல்லை அட்டை என்று முயன்று பாருங்கள். உண்மையிலேயே முடியாதபோது சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதி கையெழுத்திடலாம். நோயாளி தெளிந்ததும் அவரிடமே திரும்பக் கேட்க வேண்டும். இந்தத் திரும்பக் கேட்பதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

விழுந்தது: போனில் கேட்ட நிமிடத்திலேயே நேரத்தோடு எழுதுங்கள். எப்போது, எங்கே, அடிபட்டதா, தலையில் பட்டதா, ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, மருத்துவமனை போனாரா. கடைசி மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் பேசி முடித்ததும் முதன்மை ஆய்வாளருக்குப் போன். எலும்பு முறிந்து அட்மிட் ஆனால் அது கடுமையான பாதக நிகழ்வு, உங்கள் பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சம்பந்தம் உண்டா என்று தீர்மானிப்பது டாக்டர், நீங்கள் இல்லை. நிகழ்வு தெரிந்து 24 மணி நேரத்துக்குள் அவர் எதிக்ஸ் கமிட்டிக்குத் தெரிவிக்க வேண்டும். மருந்து ட்ரையல் என்றால் 2019-இன் மருந்து ஆய்வு விதிகளின்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் ஸ்பான்சருக்கும் (ஆய்வை நடத்தச் சொன்ன நிறுவனம்) சேர்த்து அதே 24 மணி நேரம், ஆராய்ந்த அறிக்கை 14 நாளுக்குள். சனிக்கிழமை சாயங்காலம் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை சொல்வதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. வழக்கமான சிகிச்சைக் குழுவுக்கு நீங்கள் போன் செய்வதில்லையே, அவர்கள் விழுவது உங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் வழி வைக்காவிட்டால் பயிற்சிக் குழுவில் மட்டும் விழுந்தவர்கள் கூடுதல் என்று கணக்கு வரும்.

---

கவுன்ட்டர்_3:

பார்மசி நண்பருக்கு. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் பிசியோ, லேப், ரேடியோகிராபி, டயட் எல்லாம் உண்டு, பார்மசிஸ்ட் இல்லை, நமக்குத் தனிக் கவுன்சில். ட்ரையலில் அந்தப் பாகுபாடு யாரும் பார்ப்பதில்லை, லாக்கில் பெயர் இருக்கிறதா என்பதுதான்.

குளிரில் வைக்க வேண்டிய மருந்து என்றால், வந்த அன்றே பெட்டிக்குள் இருக்கும் வெப்பநிலைக் கருவியை நிறுத்திப் பதிவை எடுங்கள். 2 முதல் 8 டிகிரிக்கு வெளியே போயிருந்தால் தூக்கிப் போடவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அதே குளிரில், தனித் தட்டில், "பயன்படுத்தாதே" என்று ஒட்டி வைத்துவிட்டு ஸ்பான்சரின் எழுத்துப் பதிலுக்குக் காத்திருங்கள்.

திரும்பி வரும் மாத்திரையை எண்ணும் கணக்கு: கொடுத்தது 70, திரும்பியது 10, ஒரு நாளைக்கு 2 வீதம் 28 நாள் என்றால் சாப்பிட வேண்டியது 56, போனது 60. 107%. நூற்றுக்கு மேல் போனால் நல்ல நோயாளி என்று அர்த்தமில்லை. கூடுதலாகச் சாப்பிட்டிருக்கலாம், தொலைத்திருக்கலாம், வரும் வழியில் கொட்டியிருக்கலாம். கேட்டு எழுதுங்கள். காலி ஸ்ட்ரிப்பையும் கொண்டுவரச் சொல்லுங்கள், வீட்டில் எறிந்துவிட்டால் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

---

நடை_ஆய்வாளர்:

பெயர் விஷயம். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: வடிவமைப்பிலோ தரவு திரட்டுவதிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவது அல்லது திருத்துவது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பு. நான்கும் வேண்டும். அளந்து கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டால் முதலாவது ஒன்றுதான் நிறைவேறும். ஆனால் முதலாவதைச் செய்தவருக்கு மற்ற மூன்றையும் செய்ய வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. அந்த வரியை வைத்துப் பேசுங்கள், ஆய்வு முடிந்த பிறகு இல்லை, இப்போதே. பயிற்சியை விவரிக்கும் பகுதியை நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்குங்கள். டைடியர் என்று 12 அம்சப் பட்டியல் உண்டு, என்ன பயிற்சி, யார் கொடுத்தார், எங்கே, எத்தனை தடவை, ஆளுக்கு ஆள் எப்படி மாற்றினார் என்று. டாக்டரால் அதை எழுத முடியாது.

---

வைகைக்கரை_பிசியோ:

அளக்க ஆர்த்தோ பிசியோ மேடம் வருகிறார். போன் எல்லாக் குழுவுக்கும், பயிற்சி இல்லாதவர்களுக்கு "விழுந்தீர்களா, அட்மிட் ஆனீர்களா" என்ற இரண்டு கேள்வி மட்டும். கவர்கள் மெடிக்கல் ரெக்கார்ட்ஸில். ஒரே பிரச்சினை, எங்களிடம் ஆள் நடமாட்டம் இல்லாத காரிடார் 22 மீட்டர்தான்.

---

நடை_ஆய்வாளர்:

22-லேயே செய்யுங்கள். திரும்புவது கூடுவதால் தூரம் கொஞ்சம் குறையும், அதனால் 30 மீட்டரில் வந்த எண்களோடு ஒப்பிட வேண்டாம். எல்லா நோயாளிக்கும் இரண்டு விசிட்டிலும் அதே 22 என்றால் குழுக்களுக்கு இடையில் பாதிப்பு இல்லை. ப்ரோட்டோகாலில் 22 என்றே எழுதுங்கள். கூம்பை எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதையும் எழுதுங்கள், வலது பக்கம் பலவீனமானவருக்கு இரண்டு திருப்பமும் ஒன்றில்லை. கூம்பு இருக்கும் இடத்தைத் தரையில் பெயின்ட்டால் குறியுங்கள். டேப் ஒட்டினால் துடைக்கிறவர்கள் ஒரு வாரத்தில் எடுத்துவிடுவார்கள், மறுபடி ஒட்டும்போது 21.5 ஆகியிருக்கும்.